இன்ஜின் ஆயில் கருப்பானால் மாத்தணுமா? நிறத்தை விட முக்கியமான 3 கணக்குகள்... முழு விளக்கம்

"சார், ஆயில் கரியா கெடக்கு... மாத்திடலாமா?"

பைக்கை மெக்கானிக்கிடம் விட்டவர்கள் ஒருமுறையாவது கேட்டிருக்கும் கேள்வி இது. டிப்ஸ்டிக்கை எடுத்து, விரலில் தொட்டு, அந்தக் கருப்பைக் காட்டினால் போதும். பெரும்பாலானோர் உடனே தலையாட்டிவிடுகிறார்கள்.

இன்னொரு பக்கம், "வண்டி நல்லாத்தானே ஓடுது, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுபவர்களும் இருக்கிறார்கள்.

முதல் வகையினர் நல்ல ஆயிலைக் கீழே ஊற்றிப் பணத்தை விடுகிறார்கள். இரண்டாவது வகையினர் சில நூறு ரூபாயை மிச்சம் பிடித்து, பல ஆயிரம் ரூபாய் இன்ஜினைப் பணயம் வைக்கிறார்கள். இதற்கிடையே, இ20 பெட்ரோல் வந்த பிறகு ஆயிலை இன்னும் சீக்கிரம் மாற்ற வேண்டுமா என்ற சந்தேகமும் சேர்ந்துகொண்டது.

அப்படியானால் ஆயிலை மாற்ற வேண்டிய சரியான நேரத்தை எப்படித் தெரிந்துகொள்வது? விரிவாகப் பார்க்கலாம்.

ஆயிலில் தீர்ந்துபோவது எது?

இன்ஜினுக்குள் பிஸ்டன் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை மேலும் கீழும் ஓடுகிறது. இரும்பும் இரும்பும் நேரடியாக உரசாமல் நடுவில் மெல்லிய படலமாக நிற்பதுதான் ஆயிலின் முதல் வேலை. அதோடு சூட்டை வாங்கிக்கொள்கிறது, கரியைக் கழுவுகிறது, துருப்பிடிக்காமல் காக்கிறது, பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே உள்ள சின்ன இடைவெளியை அடைக்கிறது.

இத்தனையையும் வெறும் எண்ணெய் செய்துவிட முடியாது. அழுக்கைக் கழுவ ஒன்று, தேய்மானத்தைக் குறைக்க ஒன்று, அமிலத்தை முறிக்க ஒன்று, சூட்டில் ஆயில் கெடாமல் தடுக்க ஒன்று என்று பல ரசாயனங்கள் அதில் கலக்கப்படுகின்றன. இவற்றை 'அடிட்டிவ்' என்பார்கள்.

வண்டி ஓட ஓட இந்த அடிட்டிவ்கள் தான் தீர்ந்துகொண்டே வருகின்றன. டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு சரியாக இருக்கும். ஆனால் வேலை செய்யும் சக்தி குறைந்திருக்கும். ஆயிலை மாற்றச் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

கருப்பானால் கெட்டுப்போச்சுன்னு அர்த்தமா?

இல்லை. துணி ஊறவைத்த சோப்புத் தண்ணீரை நினைத்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் அழுக்காகிவிடும். துணியில் இருந்த அழுக்கு தண்ணீருக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். சோப்பு வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

ஆயிலும் அப்படித்தான். இன்ஜினுக்குள் படியும் கரித்துகள்களைப் பிடித்து, எங்கேயும் ஒட்டவிடாமல் தன்னோடு மிதக்க வைக்கிறது. அதனால்தான் நிறம் மாறுகிறது. டீசல் வண்டிகளில் புது ஆயில் ஊற்றி சில நூறு கிலோமீட்டர் ஓடுவதற்குள்ளேயே கருத்துவிடும். அதற்காக யாரும் வாரம் ஒருமுறை ஆயில் மாற்றுவதில்லை.

இதற்கு நேர் எதிராகவும் நடக்கலாம். பார்க்கத் தேன் நிறத்தில் தெளிவாக இருக்கும் ஆயிலிலும் ஈரமும் அமிலமும் சேர்ந்து, அடிட்டிவ் தீர்ந்து போயிருக்கலாம். நிறத்தை வைத்து "நல்லா இருக்கு" என்றும் சொல்ல முடியாது, "கெட்டுப்போச்சு" என்றும் சொல்ல முடியாது.

விரலில் தேய்த்து 'பிசுபிசுப்பு' பார்ப்பதும் இதே கதைதான். ஆறிய ஆயிலை விரலில் தேய்ப்பதை வைத்து, சூடான இன்ஜினுக்குள் அது எப்படி இருக்கும் என்று சொல்லிவிட முடியாது.

உண்மையிலேயே ஆயிலின் நிலையை அறிய ஆய்வகம் வேண்டும். ரயில்வேயின் டீசல் இன்ஜின் பணிமனைகளில் இதற்காகவே ஆய்வகங்கள் உண்டு. ஆயில் மாதிரியை எடுத்து அதில் இரும்பு, செம்பு, அலுமினியம் போன்ற உலோகங்கள் எவ்வளவு கலந்திருக்கின்றன என்று பார்ப்பார்கள். எந்தப் பாகம் தேய்கிறது என்பது, இன்ஜினைப் பிரிக்காமலே தெரிந்துவிடும்.

ஒரு லிட்டர் ஆயில் ஊற்றும் பைக்குக்கு இந்தச் சோதனை கட்டுப்படியாகாது. அதனால்தான் வண்டி நிறுவனங்கள் சோதித்துப் பார்த்து, ஒரு கணக்கை மேனுவலில் அச்சிட்டுத் தருகின்றன.

பார்க்க வேண்டிய 3 கணக்குகள்

*1. கிலோமீட்டர்:* பைக், ஸ்கூட்டர்களில் மாடலைப் பொறுத்து 3,000 முதல் 6,000 கி.மீ. வரை சொல்லப்படுவது வழக்கம். சில மாடல்களில் 10,000 கி.மீ. வரை கூட உண்டு. பல கார்களுக்கு 10,000 கி.மீ. புது வண்டியின் முதல் சர்வீஸ் மட்டும் மிகச் சீக்கிரம் வரும். புதிய பாகங்கள் ஒன்றோடொன்று பழகும்போது உதிரும் உலோகத்துகள்களை வெளியேற்றத்தான் அது. அந்த முதல் சர்வீஸைத் தவறவிடக் கூடாது.

பைக்குக்கு ஏன் இவ்வளவு சீக்கிரம்? காரில் 3 முதல் 5 லிட்டர் ஆயில் இருக்கும். பைக்கில் சுமார் ஒரு லிட்டர்தான். அந்த ஒரு லிட்டர்தான் பெரும்பாலான பைக்குகளில் இன்ஜின், கிளட்ச், கியர் மூன்றுக்கும் பொது. ஆயில் குறைவு, வேலை அதிகம்.

*2. மாதம்:* மேனுவலில் "இத்தனை கி.மீ. அல்லது இத்தனை மாதம், எது முதலில் வருகிறதோ அது" என்று இருக்கும். பலர் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். வண்டி நின்றுகொண்டே இருந்தாலும் ஆயிலில் ஈரமும் அமிலமும் சேரும். கார்களுக்குப் பெரும்பாலும் ஓராண்டு என்று இருக்கும். கி.மீ. ஆகவில்லை என்பதற்காக இரண்டு, மூன்று வருடம் விடக் கூடாது.

*3. ஓட்டும் விதம்:* மேனுவலில் 'கடுமையான பயன்பாடு' என்ற பொருளில் ஒரு பக்கம் இருக்கும். குறுகிய தூரப் பயணம், நின்று நின்று போகும் டிராஃபிக், அதிகத் தூசி, அதிக பாரம், நீண்ட நேரம் வண்டி ஆன் ஆகியே நிற்பது... இவையெல்லாம் அதில் அடங்கும். அப்படி ஓட்டினால் சாதாரணக் கணக்கை விடக் குறைந்த இடைவெளியில் ஆயில் மாற்றச் சொல்லியிருப்பார்கள். நம் ஊர் நகரச் சாலைகளில் ஓடும் பல வண்டிகள் இந்தப் பட்டியலில்தான் வரும்.

சிக்னலில் நின்றால் கி.மீ. ஏறாது... ஆனால் ஆயில் தேயும்

வண்டி சிக்னலில் ஆன் ஆகி நிற்கும்போது ஓடோமீட்டர் நகராது. ஆனால் இன்ஜின் ஓடுகிறது. ஆயில் சூடாகிறது. குறிப்பாக, காற்றால் குளிரும் பைக் இன்ஜினுக்கு நிற்கும்போது காற்றும் கிடைக்காது.

அமெரிக்காவில் நாள் முழுக்க ஆன் ஆகியே நிற்கும் போலீஸ் வாகனங்களுக்கு ஃபோர்டு நிறுவனம் ஒரு கணக்குச் சொன்னது. ஒரு மணி நேரம் நின்றபடி ஓடினால், அது சுமார் 33 மைல், அதாவது 53 கி.மீ. ஓட்டியதற்குச் சமம். டிராக்டர், ஜெனரேட்டர்களுக்கு கி.மீ. பார்க்காமல் 'எத்தனை மணி நேரம் ஓடியது' என்று பார்ப்பதும் இதனால்தான்.

ஒரே பைக்... இரண்டு பேர்... இரண்டு கணக்கு

ஒரே மாடல் பைக் வைத்திருக்கும் இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். மேனுவலில் 5,000 கி.மீ. அல்லது 6 மாதம் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

ஒருவர் ஓய்வுபெற்றவர். தினமும் 3 கி.மீ. மார்க்கெட்டுக்குப் போய் வருவதோடு சரி. வருடம் முழுக்க ஓட்டினாலும் 2,200 கி.மீ. தாண்டாது. "5,000 கி.மீ.க்கு இன்னும் எவ்வளவோ இருக்கே" என்று இவர் நினைத்தால் தவறு. பெட்ரோல் எரியும்போது தண்ணீரும் உருவாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர், ஆவியாக வரும். பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ஓரமாகக் கசிந்து ஆயிலில் சேரும். நீண்ட தூரம் ஓட்டினால் சூட்டில் அது ஆவியாகிவிடும். 3 கி.மீ.க்குள் இன்ஜின் முழுதாகச் சூடாவதற்கு முன்பே வண்டி நின்றுவிடுகிறது. எனவே இவருக்கு மாதக் கணக்குதான். கி.மீ. எதுவாக இருந்தாலும் 6 மாதத்தில் மாற்ற வேண்டும்.

இன்னொருவர் உணவு டெலிவரி செய்பவர். தினமும் 100 கி.மீ., மாதம் 26 நாள். மாதத்துக்கு 2,600 கி.மீ., வருடத்துக்கு 31,200 கி.மீ. இவருக்கு கி.மீ. கணக்குதான் முதலில் வரும்.

ஒரு டப்பா ஆயில் 450 ரூபாய் என்று வைத்துக்கொண்டால்:

- 5,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றினால், வருடத்துக்குச் சுமார் 6 முறை. செலவு 2,700 ரூபாய்.
- யாரோ சொன்னார்கள் என்று 2,500 கி.மீ.க்கே மாற்றினால், சுமார் 12 முறை. செலவு 5,400 ரூபாய்.
- 10,000 கி.மீ. வரை இழுத்தால், சுமார் 3 முறை. செலவு 1,350 ரூபாய்.

மூன்றாவது கணக்கைப் பார்த்தால் 1,350 ரூபாய் மிச்சம் போலத் தெரியும். ஆனால் ஆயில் கெட்டு, அளவும் குறைந்து இன்ஜின் பிடித்துக்கொண்டால் ரீபோர், பிஸ்டன், கூலி என்று பல ஆயிரம் ரூபாய் ஆகும். அதைவிடப் பெரிய நஷ்டம், வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் நாட்களில் சம்பாத்தியமே இல்லை. தினக்கூலிக்கு வண்டி ஓட்டுபவர்களுக்கு இந்தக் கணக்கு வெறும் பராமரிப்பு விஷயம் கிடையாது.

டெலிவரி வண்டி நாள் முழுக்க டிராஃபிக்கிலும் சூட்டிலும் ஓடுவதால், 'கடுமையான பயன்பாடு' பக்கத்தில் குறைந்த இடைவெளி சொல்லப்பட்டிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும்.

'சீக்கிரம் மாத்துறது நல்லதுதானே' என்ற எண்ணம்

இது நம் ஊரில் மட்டும் உள்ள பழக்கம் இல்லை. அமெரிக்காவில் 3,000 மைலுக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும் என்பது பல ஆண்டுகளாக ஒரு வேதவாக்கு போல இருந்தது. இன்ஜினும் ஆயிலும் தரம் உயர்ந்த பிறகும் பழக்கம் மாறவில்லை. கடைசியில் கலிபோர்னியா மாநில அரசே "உங்கள் வண்டிக்கான எண்ணை மேனுவலில் பாருங்கள்" என்று பிரசாரம் செய்தது. தேவையில்லாமல் கழிவு ஆயில் சேர்வதைக் குறைப்பதுதான் அதன் நோக்கம்.

மெக்கானிக் சொல்வதெல்லாம் ஏமாற்று என்றும் இதற்கு அர்த்தம் இல்லை. பழைய இன்ஜின், ஆயில் குடிக்கும் இன்ஜின் என்றால் சீக்கிரம் மாற்றச் சொல்வதில் நியாயம் இருக்கலாம். "ஏன்?" என்று கேட்டு, காரணம் "கருப்பா இருக்கு" என்பது மட்டும்தானா என்று தெரிந்துகொள்வது நல்லது.

டிப்ஸ்டிக் எதற்கு? எப்படிப் பார்ப்பது?

டிப்ஸ்டிக் முக்கியமாக ஆயிலின் அளவைப் பார்க்கத்தான். ஒரு லிட்டர் கொள்ளும் பைக்கில் 300 மி.லி. குறைந்தால், கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். எத்தனையோ இன்ஜின்கள் பிடித்துக்கொள்வதற்கு ஆயில் குறைந்ததைக் கவனிக்காததே காரணம்.

- வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். பைக் என்றால் சென்டர் ஸ்டாண்ட் அல்லது நேராக நிற்க வேண்டும்.
- இன்ஜினை நிறுத்தி, ஆயில் கீழே இறங்கச் சில நிமிடம் விடுங்கள்.
- டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். சில பைக்குகளில் மரையைத் திருகாமல் சும்மா வைத்து எடுக்க வேண்டும். மேனுவலில் இருக்கும்.
- மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். மேல் கோட்டைத் தாண்டினாலும் தவறுதான்.

மாதத்துக்கு இரண்டு முறை பார்த்தால் போதும். அதிகம் ஓட்டுபவர்கள் வாரம் ஒருமுறை பார்க்கலாம்.

கணக்குப் பார்க்காமல் உடனே கவனிக்க வேண்டியவை

*பால் கலந்த காபி நிறம்:* ஆயிலில் தண்ணீரோ, கூலன்ட்டோ கலந்திருக்கிறது. வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை அழைக்க வேண்டும். குறுகிய தூரம் மட்டும் ஓடும் வண்டிகளில் மூடிக்கு அடியில் மட்டும் லேசான நுரை தெரியலாம். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் என்றால்தான் ஆபத்து.

*மினுமினுக்கும் துகள்கள்:* உள்ளே ஏதோ ஒரு பாகம் தேய்கிறது. ஆயிலை மட்டும் மாற்றினால் தீராது.

*அளவு குறைந்துகொண்டே போவது:* எங்கோ ஒழுகுகிறது அல்லது எரிகிறது. சைலன்சரில் நீல நிறப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று புரிந்துகொள்ளலாம்.

*அளவு கூடுவது:* இது பலருக்கும் தெரியாத அறிகுறி. ஆயில் தானாகக் கூடாது. பெட்ரோலோ, டீசலோ, தண்ணீரோ கலந்திருக்க வேண்டும். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதி வந்த பிறகு, டீசல் கார்களில் கரியை வடிகட்டி எரிக்கும் டிபிஎஃப் கருவி இருக்கிறது. அந்த எரிப்பு முடிவதற்குள் அடிக்கடி வண்டியை நிறுத்தினால், கொஞ்சம் டீசல் ஆயிலில் இறங்கிவிடும். ஆயில் நீர்த்துப்போகும்.

சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால்?

டேஷ்போர்டில் எண்ணெய்க் குவளை போன்ற சிவப்பு விளக்கு எரிந்தால், "ஆயில் மாத்துற நேரம் வந்துடுச்சு" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஆயில் அழுத்தம் விழுந்துவிட்டது, பாகங்களுக்கு ஆயில் போகவில்லை என்ற அபாய அறிவிப்பு அது. வீடு வரை ஓட்டிப் போய்விடலாம் என்று நினைக்கக் கூடாது. உடனே ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்த வேண்டும்.

சர்வீஸ் நினைவூட்டல் என்பது வேறு. பெரும்பாலான வண்டிகளில் அது ஆயிலைச் சோதித்துச் சொல்வதில்லை. ஓடிய தூரம், நாட்கள் போன்றவற்றை எண்ணிச் சொல்கிறது. ஆயில் மாற்றியபின் அதை ரீசெட் செய்யாவிட்டால் கணக்கே தப்பாகிவிடும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் ஏராளமான கார்களும் பைக்குகளும் தண்ணீரில் மூழ்கின. அப்படி நின்ற வண்டியை "ஸ்டார்ட் ஆகுதான்னு பார்ப்போம்" என்று ஒருமுறை கூட முயற்சி செய்யக் கூடாது. உள்ளே தண்ணீர் இருந்தால் இன்ஜினே உடையலாம். வண்டியை இழுத்துச் சென்று, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். இங்கு கி.மீ., மாதம் எதுவும் கணக்கில்லை. நேற்று ஊற்றிய ஆயிலாக இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும்.

இ20 பெட்ரோலுக்கு ஆயிலைச் சீக்கிரம் மாத்தணுமா?

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை 2030-க்குள் கொண்டுவருவது என்ற இலக்கை மத்திய அரசு முன்கூட்டியே நகர்த்தியதால், 2025-ல் அது நாடு முழுவதும் பரவலாகிவிட்டது. எத்தனாலுக்கு ஈரத்தை ஈர்க்கும் குணம் உண்டு. எனவே இன்ஜின் சூடாகாத குறுகிய பயணங்களில் ஆயில் நீர்த்துப்போகும் வாய்ப்பு கொஞ்சம் கூடும்.

ஆனால் அதற்காக எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு பாதிக் கணக்கில் ஆயில் மாற்றத் தேவையில்லை. இ20-க்கு ஏற்ற வண்டி என்று மேனுவலிலோ, பெட்ரோல் டேங்க் மூடி அருகிலோ குறிப்பிட்டிருந்தால், மேனுவல் கணக்கையே பின்பற்றலாம். பழைய வண்டி என்றால் அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் கேட்டுக்கொள்வது பாதுகாப்பு. குறிப்பாக, குறைவாக ஓட்டுபவர்கள் மாதக் கணக்கைத் தாண்டவிடக் கூடாது.

எந்த ஆயில் ஊற்றுவது?

மேனுவலில் 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40 என்று ஏதாவது இருக்கும். அதில் 'டபிள்யூ' என்பது குளிர்காலத்தைக் குறிக்கிறது. முன் எண் குளிரிலும், பின் எண் சூட்டிலும் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைச் சொல்கிறது. "கெட்டி ஆயில் ஊத்தினா நல்லது" என்று மாற்றிப் போடக் கூடாது.

கியர் பைக்குகளுக்கு டப்பாவில் 'ஜாஸோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்ற குறியீடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மிச்சமிருக்கும் கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்க வாய்ப்புண்டு. பல ஸ்கூட்டர்களுக்கு 'எம்பி' வகை. பில்லை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வாரன்டி கேட்கும்போது அதுதான் ஆதாரம். காலி டப்பாவை ஓட்டை போட்டுவிட்டுத் தூக்கிப் போட்டால், அதில் போலி ஆயில் நிரப்பி விற்க முடியாது.

வடித்த ஆயில் எங்கே போகிறது?

ஒருமுறை ஆயில் மாற்றும்போது வெளிவரும் பழைய ஆயில், 10 லட்சம் கேலன் நன்னீரை மாசுபடுத்தக்கூடும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. அதைச் சாக்கடையிலோ, மண்ணிலோ ஊற்றுவது நம் வீட்டுக் கிணற்றிலேயே ஊற்றுவது போலத்தான்.

இந்தியாவில் கழிவு ஆயிலுக்கான பொறுப்பை உற்பத்தியாளர்கள், இறக்குமதியாளர்கள் மீது வைக்கும் விதிகளை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2023 செப்டம்பரில் வெளியிட்டது. 2024 ஏப்ரல் 1 முதல் அவை அமலில் உள்ளன. பழைய ஆயிலைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்த வைப்பதுதான் இதன் நோக்கம். ஆனால் தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் வடிக்கும் ஆயில் அந்தச் சங்கிலியில் போய்ச் சேர்ந்தால்தான் விதிக்குப் பலன். வீட்டிலேயே ஆயில் மாற்றுபவர்கள், பழைய ஆயிலை டப்பாவில் அடைத்து, கழிவு ஆயிலைச் சேகரித்துக் கொடுக்கும் சர்வீஸ் சென்டரில் ஒப்படைக்கலாம்.

இன்றே செய்ய வேண்டியது

வண்டியின் மேனுவலை எடுத்து, ஆயில் மாற்றும் கி.மீ., மாதம் இரண்டையும் பாருங்கள். மேனுவல் தொலைந்திருந்தால் பல நிறுவனங்களின் இணையதளத்திலேயே கிடைக்கும். கடைசியாக ஆயில் மாற்றிய தேதியையும் ஓடோமீட்டர் எண்ணையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி வண்டியில் ஒட்டிவையுங்கள், அல்லது மொபைலில் குறித்துவையுங்கள்.

அடுத்த முறை "ஆயில் கரியா கெடக்கு சார்" என்று யாராவது சொன்னால், முதலில் அந்த எண்ணைப் பாருங்கள். நேரம் வந்துவிட்டால் தயங்காமல் மாற்றுங்கள். வரவில்லை என்றால், அளவு மட்டும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.